தீப்பெட்டிப் படமும் சீட்டுக்கட்டும்

பள்ளி மாற்றுச் சான்றிதழ் பெறும் முறையைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அதனை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்க நேர்ந்துவிட்டது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அதற்குக் காரணமானவர் கரமனையில் வசிக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர். இரத்த உறவில்லை, ஊர்முறையால் நாம் அவரை மாமா என்று அழைப்போம். ஒருநாள் மாலை கணக்கை ஒப்படைத்துவிட்டுத் தம்பானூர் நிலையத்து வாயிலுக்கு நாம் வந்தபோது, அவர் குடையை ஊன்றிக்கொண்டு நமக்காகக் காத்து நின்றார். முகம் வாடியிருந்தது.

“பையனுக்கு நீதான் புத்தி சொல்ல வேண்டும், தம்பி” என்றார்.

செய்தி இதுதான். அவர் மகன் கழக்கூட்டத்தில் கணிப்பொறி உத்தியோகம் பார்த்து வந்தவன். பதினான்கு மாதங்களுக்கு முன் அதை விட்டுவிட்டு, சேமித்த பணத்தில் உண்டு உறங்கி, வீட்டு மாடியறையில் தனியே அமர்ந்து ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறான். சீட்டுகளை வைத்து யுக்தியால் ஆடும் விளையாட்டு; கணிப்பொறியில் ஆடுவது. இதற்கிடையே நாகர்கோவிலில் பெண் பார்த்துப் பேச்சு முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. பெண்ணின் தகப்பனார், “மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறார்?” என்று கேட்க, மாமாவும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். “சீட்டாட்டமா?” என்று கேட்டவர் அதன்பின் தொலைபேசியில் பேசவே இல்லையாம்.

ஆக, நாம் போனது தடுப்பதற்கு. திரும்பி வந்தது வேறு விதமாக. அதைச் சொல்லவே இப்பக்கம்.

பையன் நம்மை அத்தான் என்று அழைப்பவன். நாம் வந்த நோக்கத்தை முகத்திலேயே கண்டுகொண்டு, வாதாடாமல் ஆட்டத்தைத் திறந்து காட்டினான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, கோட்டாறு வழியாகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேரவேண்டும். வண்டிக்காரன் ஒரு சீட்டு, காளை ஒரு சீட்டு, மழை ஒரு சீட்டு, அச்சு முறிதல் ஒரு சீட்டு. சுங்கச்சாவடி அதிகாரிக்கு நான்கு சீட்டுகள் வைத்திருந்தான். அதில் நமக்கும் உடன்பாடே. பந்தயப் பணம் என்பது எங்கும் இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் ஆயுள் முழுவதும் ஆடலாம். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் வளர்ந்த அந்தக் கடைத்தெருவுக்கு நம்மவர் பாட்டன்மார் பலர் வந்த வழி இதுவல்லவா? அரைமணி நேரம் ஆடுவதாக உட்கார்ந்தோம்; இரவு உணவுக்கு அத்தை மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது.

ஆட்டத்தில் குறையில்லை. குறை அதன் முகப்புப் படத்தில் இருந்தது.

ஸ்டீம் என்று ஒரு கடை இருக்கிறது. கடையென்றால் கட்டடமில்லை, உலகெங்குமுள்ளோர் கணிப்பொறி விளையாட்டுகளை வாங்கும் இணையக் கடை. நூறு டாலர் கட்டினால் யாரும் தம் சரக்கை அங்கே வைக்கலாம். ஆகவே 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000-க்கு மேற்பட்ட புதிய விளையாட்டுகள் அங்கே வந்து குவிந்தன. வாங்க வருபவர் கண்ணில் முதலில் படுவது பெயர் பொறித்த ஒரு சிறு படம். அதைத் தொட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். தொடாவிட்டால் பதினான்கு மாத உழைப்பும் மூடிய பெட்டிக்குள் கிடக்கும். அப்படத்தைப் பல அளவுகளில் தரவேண்டும். கிடைமட்டச் சிறுபடம் 462 புள்ளி அகலமும் 174 புள்ளி உயரமும் உடையது. நிமிர்ந்து நிற்பது ஒன்று 748க்கு 896. கடைக்காரர் அச்சிறுபடத்தையும் சில பட்டியல்களில் மேலும் சுருக்கிக் கட்டைவிரல் நகமளவுக்குக் கொண்டுவந்து விடுகிறார்.

பையன் செய்து வைத்திருந்த படத்தைப் பெரிய திரையில் கண்டபோது நாமும் ஒரு கணம் மயங்கினோம். சாலைத் தெரு முழுவதும் அதில் இருந்தது. கடைகள், மூட்டைகள், பதினைந்து மனிதர், நான்கு காளைகள், பின்னால் மலை, மேலே விசிறியாக விரித்த சீட்டுகள், கீழே சிதறிய பொற்காசுகள், நடுவே கொடியும் பூவும் சுற்றிய எழுத்தில் ஆட்டத்தின் பெயர். அதனைச் சுருக்கிக் காட்டச் சொன்னோம். சுருக்கினான். தற்செயலாக உடன் வந்திருந்த நம் ஏழு வயது மகள் எட்டிப் பார்த்து, “இது யாருடைய கல்யாணப் பத்திரிகை அப்பா?” என்றாள்.

பையன் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை, ஏனெனில் அதே பிழையை நாமும் செய்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கத்து நாடகத்திற்குச் சுவரொட்டி தயாரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நாடகப் பெயர், நடிகர் அனைவர் பெயர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை, நன்கொடையாளர் முகங்கள் என எதையும் விடவில்லை. எவர் மனமும் நோகக்கூடாதென்ற நல்லெண்ணம். விளைவு, நாடகம் எந்த நாளில் என்பது எவர் கண்ணிலும் படவில்லை. அரங்கில் நாற்காலிகளே அதிகமாக அமர்ந்திருந்தன.

இவ்விஷயத்தில் நமக்குக் கல்வி என்று ஏதேனும் உண்டானால் அது தீப்பெட்டியால் வந்தது. சிறுவயது முதல் தீப்பெட்டிப் படம் சேர்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. இரண்டு பழைய கணக்குப் புத்தகங்கள் நிறைய ஒட்டி வைத்திருக்கிறோம். மறுநாள் அவற்றை எடுத்துக்கொண்டு போனோம். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய நாள் தொட்டு, அவ்வட்டாரத்தில் எத்தனை எத்தனை முத்திரைகள் தோன்றின! அத்தனை பேரும் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளப் பெட்டியின் மேல்தான் போட்டியிட வேண்டும். உள்ளே இருக்கும் குச்சியோ யாருடையதும் ஒன்றுபோலவே எரியும். வாங்குவோரில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாத காலம் அது. ஆகவே படமே பெயராயிற்று; பெயரே படமாயிற்று. கப்பல் தீப்பெட்டி கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் கப்பல் படத்தை எடுத்து நீட்டுவார். பெட்டியின் மேல் ஒன்றும், வாங்குவோர் வாயில் வேறொன்றும் இருந்த முத்திரைகள் நிலைப்பது கடினம்.

நம் புத்தகத்தில் நாற்பது ஆண்டு நிலைத்த படங்களையும், நாலு மாதத்தில் மறைந்தவற்றையும் எதிரெதிரே வைத்துப் பையனைப் பார்க்கச் சொன்னோம். நிலைத்தவற்றில் ஒரே உருவம்: ஒரு கப்பல், ஒரு மயில், ஒரு சாவி. பின்புலம் ஒரே நிறம். உருவமும் பின்புலமும் ஒன்றையொன்று தள்ளி நிற்கும்; மஞ்சள்மேல் சிவப்பு, கருநீலத்தின்மேல் வெள்ளை. மூன்று நிறத்துக்கு மேல் செலவு செய்தவர் குறைவு. சிக்கனத்தால் வந்த வழக்கம்தான்; ஆனால் கண்ணுக்கு அது நன்மையாக முடிந்தது.

“அப்படியானால் அழகான சித்திரமே கூடாதா, அத்தான்?” என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. விடையை வாயால் சொல்லாமல் ஞாயிறன்று அவனை அருங்காட்சியக வளாகத்துக்கு அழைத்துச் சென்றோம். 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்துத் தொகுப்பில் கிளிமானூர் ரவிவர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’ இருக்கிறது. செந்நிறப் புடவையில் நிற்கும் பெண்; எதிரே வெண்ணிற அன்னம். துணியின் மடிப்புகளையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் 1971இல் இந்திய அஞ்சல்துறை ரவிவர்மாவின் நினைவாக இச்சித்திரத்தையே தபால்தலையாக வெளியிட்டது. அங்குலக் கணக்கில் சுருங்கியபோதும் பெண்ணும் அன்னமும் பிழைத்துக்கொண்டார்கள். மடிப்புகள் போயின, கதை போகவில்லை. 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் படங்களை வீடுதோறும் அனுப்பியவர் அவர். அப்படங்கள் பிற்காலத்தில் துணிக்கட்டின் முத்திரையாகவும் தீப்பெட்டிப் படமாகவும்கூடச் சுருங்கி உலாவின. நுணுக்கம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. நுணுக்கத்தைத் துடைத்துவிட்டாலும் எஞ்சுவது ஒன்று வேண்டும்.

அன்று மாலையே அவனுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தோம். கடையில் விற்கும் வேறு பதினொரு சீட்டு விளையாட்டுகளின் முகப்புப் படங்களை ஒரே தாளில் அச்சிட்டு, தன் படத்தைப் பன்னிரண்டாவதாக நடுவில் வைத்து, சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பார்ப்பது. பிறகு அதையே கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது. நிறம் போனபின் உருவம் தெரியவில்லையென்றால் நிறத்தின் தயவில்தான் அது நின்றிருந்தது என்று பொருள். தனியே பார்க்கும்போது பேரழகியாயிருந்த அவன் படம், பதினொரு பேர் நடுவே காணாமற் போயிற்று. அதைவிட மோசம், பொற்காசும் விரித்த சீட்டும் சேர்ந்து அதைச் சூதாட்ட விளம்பரம் போலக் காட்டின. நாகர்கோவில்காரர் சொன்னதில் என்ன பிழை?

இது சிறு விஷயமன்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. இவன் ஆட்டம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. எனினும் உள்ளே பாராமல் முகப்பைப் பார்த்தே முடிவு கட்டுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. கனடா நாட்டவர் ஒருவர், தம் இயற்பெயரை வெளியிடாமல், தனியொருவராகச் செய்த ‘பலாட்ரோ’ என்னும் சீட்டாட்டம் 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. ஒரு மாதத்திற்குள் பத்து லட்சம் விற்றது. 2025 ஜனவரிக்குள் ஐம்பது லட்சம். அதில் போக்கர் ஆட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகள் வருகின்றனவே தவிரப் பந்தயம் கிடையாது. ஆயினும் ஐரோப்பாவில் வயதுத் தரம் குறிக்கும் பெகி அமைப்பு அதற்கு 18 என்று முத்திரை குத்தியது. மேல்முறையீடு செய்து 2025 பிப்ரவரியில்தான் 12 என்று இறங்கிற்று. அவ்வாட்டத்தின் முகப்பைப் பையன் காட்டினான். சிவப்பும் நீலமும் சுழன்று கலக்கும் பின்புலம், கோமாளிச் சீட்டு, பெயர்; அவ்வளவே. மற்றவரெல்லாம் வீரனையும் அரக்கனையும் தீட்டிக்கொண்டிருந்த வரிசையில் அது தனியே தெரிந்தது. “நானும் அதுபோல ஒரு சுழலை வைத்தால்?” என்றான். அடுத்த வீட்டுக்காரர் மயில் முத்திரை போட்டுச் செழித்தாரென்று நாமும் மயில் போட்டால், கடைக்காரர் அவருடைய பெட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார் என்றோம்.

சீட்டு விளையாட்டு என்பது முகப்பிலேயே தெரிய வேண்டும். சூது என்பது தோன்றவும் கூடாது. இந்த முடிச்சில் பத்து நாள் கழிந்தது. அவிழ்த்தது கஞ்சிபா.

கஞ்சிபா என்பது பாரசீகத்திலிருந்து வந்து இந்நாட்டில் வேரூன்றிய பழைய சீட்டாட்டம். பாபர் 1527இல் சிந்து தேசத்து ஷா ஹசனுக்குக் கஞ்சிபா அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தசாவதாரக் கஞ்சிபாவில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாகப் பத்து வரிசையில் 120 சீட்டுகள். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதிய ஆட்டங்களே வகுத்தார். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் இன்றும் கையால் தீட்டுகிறார்கள். அச்சீட்டுகளுக்கு இரண்டு சிறப்பு. ஒன்று, அவை கிடக்கும் மரப்பெட்டியின் மூடியும் பக்கங்களும் சித்திரம் தீட்டியவை. முகப்புப் படம் என்பது நேற்று வந்த கவலையன்று. மற்றொன்று, அவை பெரும்பாலும் வட்டமானவை.

வட்டம் என்ற சொல் நம் வாயிலிருந்து விழுந்ததும் பையன் எழுந்து நின்றுவிட்டான். அவன் ஆட்டத்தின் பெயரில் சக்கரம் என்னும் சொல் இருக்கிறது (முழுப்பெயரை வெளியிடலாகாது என்பது அவன் கட்டளை). சக்கரம் வண்டிக்கும் உரியது. திருவிதாங்கூர் நாணயத்துக்கும் உரியது. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர் நம்மில் இருக்கலாம். வண்டிச் சக்கரமே ஒரு வட்டச் சீட்டாக இருந்தால் என்ன? இருண்ட கணவாய், ஒரே ஒரு வண்டி, அடியில் தொங்கும் விளக்கு, அவ்வொளியில் மின்னும் சக்கரத்தின் நடுவே சித்திரம். காசு இல்லை, கூட்டம் இல்லை. பெயரும் படமும் ஒன்றாயின.

இனி எழுத்து. இதில் நமக்கும் சிறிது அதிகாரம் உண்டு என்று எண்ணுகிறோம். நாமும் சீட்டு விற்பவர்தாமே! நாம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மூத்த எழுத்தர் பழைய அட்டைப் பயணச்சீட்டுகள் சிலவற்றை மேசையறையில் போற்றி வைத்திருந்தார். எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1830களில் வகுத்த அளவு. சுமார் 57 மில்லிமீட்டருக்கு 30. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், எண் அனைத்தும் அதில் அடங்கும். ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் பெரிது. நிலையத்துப் பலகையும் அப்படியே: மஞ்சள் தளம், கறுப்பெழுத்து, வேறு அலங்காரம் இல்லை. ஓடும் வண்டியிலிருந்து ஒரு நொடியில் படிக்க வேண்டுமே. கொடியும் பூவும் சுற்றிய எழுத்தைப் பையன் கழற்றி எறிந்தான்.

தமிழெழுத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. சுருக்கும்போது முதலில் மறைவது புள்ளி. க் என்பது க ஆகிவிடும், பெயரே வேறாகிவிடும். ஆகவே புள்ளியை எழுத்தின் தடிப்பளவுக்குப் பருக்க வைத்து, எழுத்தைவிட்டுச் சற்று விலக்கி எழுதச் செய்தோம். சிறுபடத்தில் சக்கரமும் பெயரும் மட்டும். வண்டியும் மலையும் பெரிய படங்களில்தான். ‘புத்திக்கு விருந்து’ என்று அடியில் ஒரு வாசகம் சேர்க்க நாம் ஆசைப்பட்டோம். கடை விதி அதற்கு இடம் தரவில்லை. 2022 செப்டம்பர் முதல் முகப்பில் படம், பெயர், அதன் உபபெயர் தவிர வேறு புகழ்ச்சியோ பரிசுப் பெயரோ தள்ளுபடியோ எழுதலாகாதாம். நம் நாடகச் சுவரொட்டிக்கும் அப்படி ஒரு விதி இருந்திருந்தால்!

படத்தை யார் தீட்டுவது என்பதில் அவனுக்கும் நமக்கும் உண்மையிலேயே மனத்தாங்கல் வந்தது. முதற்படம் இயந்திரம் வரைந்தது. சொன்னால் நொடியில் வரைந்து தரும் செயற்கை அறிவு. உற்றுப் பார்த்தால் ஒரு காளைக்கு ஐந்து கால். அத்தகைய படம் இருந்தால் 2024 ஜனவரி முதல் கடைக்கு அறிவிக்க வேண்டும்; வாங்குவோர்க்கும் அது தெரியும். “கையிருப்பு குறைந்துவிட்டது, அத்தான். இயந்திரத்துக்குக் கூலியில்லை” என்றான். நாமறிந்த பெயர்ப்பலகை ஓவியர் ஒருவர் சாலையில் இருக்கிறார். அச்சிட்ட பதாகைகள் வந்தபின் வேலை குறைந்தவர். அவர் கேட்ட கூலி பையனின் ஒரு மாதச் செலவு. நம் பக்கம் பேசுவது எளிது; பணம் அவனுடையது. இரண்டு நாள் அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஓவியர் வீட்டிலிருந்து பேசினான். மாட்டுவண்டியில் சாளை வந்திறங்கிய காலத்தைக் கண்ணால் கண்டவர் அவர். சக்கரத்தின் ஆரக்கால் எத்தனை, விளக்கு அச்சில் எந்தப் பக்கம் தொங்கும் என்பதையெல்லாம் கேளாமலே வரைந்துவிட்டாராம்.

மற்றொரு யோசனையும் அவனுக்கு இருந்தது: வண்டிக்குப் பின்னால் வாளேந்திய கொள்ளையர் கூட்டம், பார்ப்பவர் பரபரப்படைவராம். ஆட்டத்தில் கொள்ளையரே இல்லை. வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால், பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் வசதி அக்கடையில் 2015 முதல் இருக்கிறது. வாள் பார்த்து வந்தவர் சுங்கச்சாவடியில் ரசீது எழுதிக்கொண்டிருந்தால் என்ன செய்வார் என்று கேட்டோம். கொள்ளையர் நீங்கினர்.

சென்ற வாரம் மாமா அந்தப் படத்தை, விளக்கம் ஏதும் எழுதாமல், நாகர்கோவிலுக்கு அனுப்பினார். மறுநாள் அங்கிருந்து தொலைபேசி வந்தது. பெண்ணின் தகப்பனார் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. “எங்கள் தாத்தா வண்டியில் விளக்கு இடப்பக்கம் தொங்கும்” என்று மட்டும் சொன்னாராம். அது சம்மதமா, திருத்தமா என்று மாமாவுக்கு விளங்கவில்லை, நமக்கும் விளங்கவில்லை. ஓவியர் மட்டும் வலப்பக்கம்தான் என்று உறுதியாக நிற்கிறார்.

நீலத்தளத்தில் இரண்டும் செம்மண் தளத்தில் மூன்றுமாக ஐந்து படங்கள் இப்போது தயாராக இருக்கின்றன. எது நிற்குமென்று முடிவாகவில்லை. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் சுவரில் அவற்றை ஒட்டி வைக்கிறோம். பார்த்துத் தம் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்பும் அன்பர்கள் குழந்தைகளோடு வரவேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நலம்.